எந்தப் பெரியம்மா?

"ஒங்க பெரியம்மாவுக்குக்கூட மார்புல கட்டி வந்துச்சே, திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனாவளே" என்று அம்மா சொன்னதும் என் பேனா நின்றுவிட்டது. எந்தப் பெரியம்மா? அம்மாவுக்கு அக்காவா, அப்பாவுக்கு அண்ணியா?

தமிழில் இருவரும் பெரியம்மாதான். மரபணு அப்படிப் பார்ப்பதில்லை. அம்மாவின் அக்காவுக்கும் எனக்கும் மரபணுக்களில் ஏறக்குறையக் கால் பங்கு பொது. அப்பாவின் அண்ணன் மனைவி வெளியிலிருந்து வந்தவர் என்றால், அவருக்கு வந்த நோயை வைத்து என் உடம்பைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. அண்ணன் தம்பி இருவரும் அக்கா தங்கையைக் கட்டிய வீடு என்றால் கதையே வேறு. சித்தி, சித்தப்பா, மாமா, அத்தை எல்லாச் சொல்லிலும் இந்தச் சிக்கல் உண்டு. எங்கள் நெல்லைப் பக்கம் அப்பாவைப் பெற்றவளும் ஆச்சி, அம்மாவைப் பெற்றவளும் ஆச்சி.

வண்ணார்பேட்டை வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எங்கள் வம்சப் படத்தை வரைந்தேன். மரபுவழிப் புற்றுநோய் ஆலோசனைக்குப் போனால் முதலில் போடுவது இந்தப் படத்தைத்தான். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் கண்டவர் என்றால் உள்ளே மை நிரப்ப வேண்டும். இறந்தவர் என்றால் குறுக்கே ஒரு கோடு. சொந்தத்துக்குள் கல்யாணம் என்றால் கணவனையும் மனைவியையும் ஒற்றைக் கோட்டால் அல்ல, இரட்டைக் கோட்டால் இணைக்க வேண்டும். எங்கள் படத்தில் இரட்டைக் கோடுகள் தண்டவாளம் மாதிரி ஓடின. தமிழ்நாட்டில் நடக்கும் கல்யாணங்களில் கால்வாசிக்கும் மேல் உறவுக்குள் என்கிறது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. எங்கள் வீட்டில் அதற்கும் அதிகம்.

"எந்த வயசுல வந்துச்சு?" என்று கேட்டால் அம்மாவிடம் எண் கிடையாது. "ஆத்துல வெள்ளம் வந்துச்சுல்லா, அதுக்கு மறு வருஷம்." 1992 நவம்பரில் தாமிரபரணி ஊருக்குள் புகுந்த வெள்ளம் அது. அப்படியானால் 1993. பிறந்த வருஷத்தை ஜாதகத்தில் தேடிக் கழித்துப் பார்த்தால் 41. இந்த எண்ணுக்காகத்தான் இத்தனை பாடும். மரபுவழி வரும் மார்புப் புற்று பெரும்பாலும் சிறு வயதிலேயே தலைகாட்டும். இன்னொரு ஆச்சி "வயித்துக் கட்டியில" போனாள். அது சூலகமா, கல்லீரலா, குடலா? அந்தக் கட்டிக்கு வீட்டில் யாரும் பெயர் கேட்டு வைக்கவில்லை. சூலகமாக இருந்தால் படத்தின் பொருளே மாறிவிடும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மார்புப் புற்றில் 100க்கு 5 முதல் 10 வரைதான் மரபுவழி வருவது. மற்றவற்றில் பரம்பரைக்குப் பங்கு குறைவு. அந்தச் சிறுபான்மையில் பெரிய பங்கு பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற இரண்டு மரபணுக்களுடையது. 1990இல் அமெரிக்காவின் மேரி-கிளேர் கிங் முதலாவதன் இருப்பிடம் 17ஆம் குரோமோசோம் என்று காட்டினார். 1994இல் அந்த மரபணுவே கைக்கு வந்தது, அடுத்த ஆண்டு இரண்டாவது. இவை நம் எல்லோரிடமும் உண்டு. டிஎன்ஏவில் விழும் முறிவுகளைச் செப்பனிடுவது இவற்றின் வேலை. ஒரு பிரதி பிறவியிலேயே பழுதாகி வந்தால் ஆபத்து கூடும். அந்தப் பழுது ஒவ்வொரு பிள்ளைக்கும் போவதற்குச் சரிபாதி வாய்ப்பு, ஆணோ பெண்ணோ. அப்பா நோயில்லாமலே இருந்து மகளுக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம். "எங்க அம்மா வழியில யாருக்கும் இல்ல" என்று நிம்மதியாகச் சொல்பவர்கள் அப்பா வழியைக் கேட்பதே இல்லை.

ஆபத்து எவ்வளவு? 2017இல் வெளியான ஓர் ஆய்வு, பழுதுள்ள 9,856 பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. 80 வயதுக்குள் மார்புப் புற்று வரும் வாய்ப்பு, பிஆர்சிஏ1 பழுதானவர்களுக்கு 100க்கு 72, பிஆர்சிஏ2க்கு 69. சூலகப் புற்றுக்கு முறையே 44, 17. இத்தனை பேரை எந்த ஒரு மருத்துவமனையும் தனியாகச் சேர்க்க முடியாது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக் குடும்பங்களை 1997 முதல் சேர்த்துவரும் கேகான்ஃபேப் போன்ற குழுக்கள் பல நாடுகளிலிருந்து கைகோத்ததால் கிடைத்த எண்கள் இவை.

இனி நம் ஊருக்கு வருவோம். ஒரு பெரியம்மாவுக்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் சிகிச்சை. இன்னொருவரை ஏறக்குறைய 150 கிலோமீட்டரில் இருக்கும் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குக் கொண்டுபோனார்கள். மாமா மகள் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி அடையாறு புற்றுநோய் நிறுவனத்துக்குப் போனாள். பிழைப்புக்காகத் தாராவிக்குப் போன சித்திக்கு மும்பை டாடா நினைவு மருத்துவமனை. ஒரே ஆச்சியின் வயிற்றில் கிளைத்த நோய், நாலு ஊரில் நாலு கோப்பு. ஒவ்வொரு டாக்டரும் பார்த்தது ஒரு நோயாளியை; யாரும் குடும்பத்தைப் பார்க்கவில்லை.

நம்மிடம் பதிவேடு இல்லாமல் இல்லை. தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டம் 1981இல் தொடங்கியபோது முதல் மூன்று நகரங்களில் சென்னையும் ஒன்று. அடையாறு நிறுவனம் அரசோடு சேர்ந்து 2012 முதல் மாநிலம் முழுவதற்கும் பதிவேடு நடத்துகிறது. ஆனால் இந்தப் பதிவேடுகள் ஆளை எண்ணுபவை. சதுரத்தையும் வட்டத்தையும் கோட்டால் இணைப்பது இன்னொரு வேலை. அதற்கு மருத்துவமனைகள் ஒரே படிவத்தை, ஒரே ஒப்புதல் கடிதத்தை, ஒரே எண்முறையைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் நெறிமுறைக் குழு அனுமதிக்க வேண்டும். ஊதா மூடிக் குழாயில் எடுத்த ரத்தம் கெடாமல் ஆய்வகம் சேர வேண்டும். செய்தித்தாளில் வராத வேலைகள்தான் எல்லாம். இவற்றில் ஒன்று பிசகினாலும் உயர்ந்த கருவி இருந்து பயனில்லை.

படிவத்தில் என் பங்குக்கு ஒரு திருத்தம் சொல்வேன். 'பெரியம்மா, அத்தை யாருக்காவது உண்டா' என்று கேட்கவே கூடாது. "அம்மாகூடப் பிறந்தவங்க எத்தனை பேர்? அப்பாகூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?" என்று கேட்டு, ஒவ்வொருவராக இறங்க வேண்டும். ஆங்கிலப் படிவத்தை மொழிபெயர்த்தால் இது கிடைக்காது.

இங்கே ஒரு சொல்லுக்கு இரண்டு ஆள். ஆய்வகத்தில் ஒரு பழுதுக்கு மூன்று பெயர். பிஆர்சிஏ1இல் இரண்டு எழுத்து விடுபட்டுப்போகும் ஒரு பழுது 185டெல்ஏஜி என்று புகழ்பெற்றது. எண்ணும் முறை மாறினால் அதுவே 187டெல்ஏஜி. இன்றைய முறையில் சி.68_69டெல். மூன்று மையங்கள் மூன்று பெயரில் எழுதினால் கணினி மூன்றாக எண்ணிவிடும். ஐரோப்பிய வழி அஷ்கெனாசி யூதர்களில் சுமார் நூறில் ஒருவரிடம் இது இருப்பதை 1995இல் கண்டார்கள். தென்னிந்தியப் பெண்களிடம் இது அடிக்கடி தென்படுவதாகப் பெங்களூர் ஆய்வாளர்கள் 2009இல் எழுதினார்கள். கப்பலேறி வந்ததா என்று ஆசையாகக் கேட்பவர்கள் உண்டு. ஆனால் ஓர் இந்தியக் குடும்பத்தை ஆராய்ந்த 2007ஆம் ஆண்டுக் கட்டுரை, அங்கே அது தனியாகவே தோன்றியது என்றது.

சாதிக்குள்ளேயே கொண்டு கொடுத்த நம் வழக்கம் வேறொரு அடையாளத்தையும் விட்டிருக்கிறது. தெற்காசியாவின் 263 சமூகங்களை ஒப்பிட்ட 2017ஆம் ஆண்டு ஆய்வில், 81 சமூகங்கள் அஷ்கெனாசி யூதர்களையும் ஃபின்லாந்துக்காரர்களையும்விடக் குறுகிய மூதாதையர் கூட்டத்திலிருந்து பெருகியவை என்று தெரிந்தது. அப்படியானால் ஒரு சமூகத்துக்கே உரிய பழுதுகள் இருக்கலாம். உலகத் தரவுகளில் அவற்றைத் தேடினால் கிடைக்காது. ஆய்வக அறிக்கையில் 'பொருள் தெளியாத மாறுபாடு' என்று வந்து நிற்கும். ஆபத்தா இல்லையா என்று டாக்டருக்கும் தெரியாது. ஒரே மாறுபாடு பாளையங்கோட்டையில் ஒரு வீட்டிலும், திருவனந்தபுரத்தில் ஒரு வீட்டிலும், அடையாறில் ஒரு வீட்டிலும் இருந்து, மூன்று கோப்பும் பேசிக்கொண்டால்தான் பொருள் தெளியத் தொடங்கும்.

எங்கள் படத்தில் கடைசியாக ஒரு வட்டம் மிஞ்சியது. தாராவிச் சித்தி. எந்த வயதில் வந்தது, ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா என்று கேட்க அவர் மகளுக்கு, எனக்குத் தங்கச்சி முறை, போன் போட்டேன். அவளிடம் எடுத்த எடுப்பிலேயே சொன்னேன், உனக்கும் உபயோகப்படும், தெரிந்தால் முன்னாலேயே கண்காணிக்கலாம் என்று. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் குக்கர் விசில் மட்டும் கேட்டது.

"அண்ணே, இதெல்லாம் இப்ப எதுக்குக் கேக்கிய? மூத்தவளுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருக்கோம்லா."

சரிம்மா என்று வைத்துவிட்டேன். அந்த வட்டத்தை மட்டும் பென்சிலில் போட்டு வைத்திருக்கிறேன்.