‘ஷாடோஸ்’ திரைப்படமும் அதன் இரு பாடங்களும்

ஒரு நூலுக்கு இருவேறு பாடங்கள் வழங்குமிடத்து எதனை உண்மைப் பாடமாகக் கொள்வது என்னும் வினா, ஏட்டுச்சுவடிகளோடு பழகியவர்க்குப் புதிதன்று. ஏடெழுதுவோர் பிழையால் நேர்ந்த வேறுபாடாயின், ஒப்புநோக்கி உண்மை காண்டல் கூடும். ஆசிரியரே முன்னொரு வகையாகவும் பின்னொரு வகையாகவும் இயற்றியிருப்பின் அவ்வழி பயன்படாது. அமெரிக்கத் திரைப்பட வரலாற்றில் தனிமுயற்சிப் படங்களுக்கு முன்னோடியாகப் போற்றப்படும் ‘ஷாடோஸ்’ இத்தகையதோர் இருபாடப் படைப்பு. நியூயார்க்கு நகரில் வாழும் இளைஞர் மூவர் ‘யாம் யார்’ எனத் தேடும் கதையினை அது கூறுகின்றது. தன்னிலை தெளியாத மாந்தரைப் பற்றிய இப்படம் தானும் இருநிலைப்பட்டு நிற்பது கருதத்தக்கது. ‘நிழல்கள்’ என்பது இப்பெயரின் பொருள். பாரதிராஜா 1980இல் இயக்கிய ‘நிழல்கள்’ என்னும் தமிழ்ப்படமும் வேலையற்ற இளைஞரைப் பற்றியதேயாயினும், பெயரொற்றுமையன்றி இரண்டற்கும் வேறு தொடர்பு கூறுதற்கில்லை.

இதனை இயக்கிய ஜான் கசவெட்டிஸ் கிரேக்க வழியினர். நியூயார்க்கில் 1929இல் பிறந்தவர். நடிகராகப் பெயர்பெற்று வந்த காலத்தில், பர்ட் லேன் என்பாருடன் சேர்ந்து இளம் நடிகர்க்குப் பயிற்சிக்களம் ஒன்றனை அவர் நடத்தினார். அங்கு எழுதிய வசனமின்றி, ஒரு சூழ்நிலையை மட்டும் கொடுத்து, நடிகர் தாமே பேச்சும் செயலும் படைத்துக்கொள்ளும் பயிற்சி நடைபெற்றது. நாற்கவிகளுள் ஆசுகவி எனப்படுவான் கொடுத்த பொருள்மேல் அப்பொழுதே பாடுவான் அல்லனோ? அத்தகையதே இதுவும். அவ்வாறு ஒருநாள் நிகழ்ந்த ஒரு காட்சியே இப்படத்திற்கு வித்து. வெள்ளை நிறத்தவளாய்த் தோன்றும் ஒரு பெண்ணைக் காதலித்த வெள்ளை இளைஞன், அவள் கறுப்பினக் குடும்பத்தினள் என்பதனை அவள் தமையனைக் கண்ட அளவில் அறிகின்றான். இவ்வொரு நிகழ்ச்சியை நடுவே வைத்து, முன்னும் பின்னும் வளர்த்ததே படத்தின் கதை.

பொருள் திரட்டப்பட்ட வகை தனிச்சிறப்புடையது. ‘எட்ஜ் ஆஃப் தி சிட்டி’ என்னும் தம் படத்தைப் பற்றிப் பேசுதற்கு, ஜீன் ஷெப்பர்டு நடத்திய இரவு நேர வானொலி நிகழ்ச்சிக்கு 1957இல் கசவெட்டிஸ் சென்றார். சென்ற இடத்தில், பொதுமக்களே பணம் அனுப்பினால் அவர்களைப் பற்றிய உண்மையான படம் ஒன்றை எடுக்கலாம் என்று கூறிவைத்தார். நேயர்கள் சிறு சிறு தொகையாக இரண்டாயிரம் டாலருக்கு மேல் அனுப்பிவிட்டனர்! அவ்வானொலி நேயரே படத்தை வழங்குவோராகத் தலைப்பெழுத்துகளில் குறிக்கப்படுகின்றனர். மொத்தச் செலவு ஏறத்தாழ 40,000 டாலர் என்பர். ஹாலிவுட்டில் அந்நாளில் ஓர் எளிய படத்திற்கும் இத்தொகை போதாது. 16 மில்லிமீட்டர் படச்சுருளில், எரிக் கோல்மரின் ஒளிப்பதிவில், தெருக்களிலும் சிறு அறைகளிலும் படம் எடுக்கப்பட்டது. இன்று ‘தனிமுயற்சிப் படம்’ என்னும் சொல் ஒரு வாணிக வகையினையும் குறித்து வழங்குகின்றது. ஈண்டு அச்சொல்லுக்கு நேர்பொருளே கொள்க. நிறுவனமும் முதலாளியும் முன்கூட்டிய விற்பனையும் இல்லாமல் எடுக்கப்பட்டது என்பதே அதன் பொருள்.

கதை மாந்தர் ஹ்யூ, பென், லீலியா என்னும் உடன்பிறந்தார் மூவர். தாய்தந்தையர் படத்தில் தோன்றுவதில்லை. மூத்தவனாகிய ஹ்யூ கரிய நிறத்தன், பாடகன். மற்றை இருவரும் வெளிர் நிறத்தர். காண்போர் அவர்களை வெள்ளையர் என்றே கருதுவர். உடன்பிறந்தாரிடையே இந்நிற வேறுபாடு எவ்வாறு வந்தது என்று படம் ஓரிடத்தும் விளக்கம் கூறவில்லை. இவ்விடத்து அமெரிக்கச் சட்டத்தின் ஒரு கூறினை நினைத்தல் வேண்டும். வர்ஜீனியா மாநிலம் 1924இல் இயற்றிய சட்டம், கறுப்பின முன்னோர் வழிச் சிறிதளவேனும் உடையாரை வெள்ளையர் எனக் கொள்ளாது விலக்கியது. கண்ணுக்குத் தெரியும் நிறம் வேறு, சட்டமும் ஊரும் குறிக்கும் நிறம் வேறு என்னும் முரண் அதனால் எழுந்தது. இனங்கடந்த திருமணத்தைத் தடுத்த மாநிலச் சட்டங்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967இல் தான் செல்லாதனவாக்கியது. நியூயார்க்கில் அத்தகைய தடை இல்லை. ஆயினும் சட்டம் இல்லாத இடத்திலும் பார்வை இருந்தது. அப்பார்வையே இப்படத்தின் பொருள்.

வெள்ளையராகத் தோன்றும் கறுப்பினப் பெண்ணின் கதை ஹாலிவுட்டிற்குப் புதிதன்று. ‘பிங்கி’ (1949), டக்ளஸ் சர்க் இயக்கிய ‘இமிட்டேஷன் ஆஃப் லைஃப்’ (1959) ஆகியன இக்கதையினையே கொண்டவை. அவற்றில் அப்பெண் தன் பிறப்பை மறைக்கின்றாள், அல்லது மறைக்க நேர்கின்றது, மறைத்ததற்கு வருந்துகின்றாள், பார்ப்போர் கண்ணீர் உகுக்கின்றனர். குற்றமும் அதற்குக் கழுவாயும் என்னும் முறையில் கதை முடிகின்றது. ‘ஷாடோஸ்’ படத்து லீலியா எதனையும் மறைத்தாளல்லள். சொன்னாளும் அல்லள். இருபது வயதினளாகிய அவள் கதை எழுதிப் பழகுகின்றாள். டேவிட் என்னும் மூத்த நண்பன் அவள் எழுத்தைக் குறைகூறித் திருத்த விழைகின்றான். கற்றோர் கூடிப் பெருஞ்சொற்களைக் கையாண்டு உரையாடும் விருந்தொன்றில் டோனியை அவள் சந்திக்கின்றாள். (அவ்விருந்துக் காட்சியின் நகைச்சுவை, எந்நாட்டுக் கருத்தரங்கிற்கும் சென்றவர்க்கு நன்கு புலனாகும்.) டேவிட்டை விட்டு டோனியோடு அவள் செல்வது காதலாலா, டேவிட்டின் ஆசிரியத் தன்மையிலிருந்து விடுபடும் வேட்கையாலா என்பது தெளிவாகச் சொல்லப்படவில்லை. அவளுக்கே தெரியாது என்பதுதான் நடிப்பிலிருந்து நாம் பெறும் விடை.

டோனியின் அறையில் அவர்கள் கூடியபின் வரும் காட்சி, அக்காலத் திரைப்படம் எதனிலும் காண்டற்கரியது. முதற்கூட்டம் இன்பமாக அமையவில்லை என்பதனையும், தான் எதிர்பார்த்தது வேறு என்பதனையும், தான் தனக்கே உரியவள் என்பதனையும் அவள் அழுகையின்றிச் சொல்லுகின்றாள். டோனியிடம் மறுமொழி இல்லை. பின்னர் அவளுடன் அவள் இல்லத்திற்கு வருகின்றான். ஹ்யூ உள்ளே நுழைகின்றான். இவன் என் தமையன் என்கின்றாள் லீலியா. டோனியின் முகம் மாறுகின்றது. இன்றியமையாத வேலை ஒன்று உண்டென்று ஏதோ கூறி அவன் வெளியேற முயல்கின்றான். இனம் என்ற சொல்லை அவன் வாய் உரைப்பதில்லை; உரைத்திருப்பின் அவன் மறுத்துப் பேசுதற்கும் மன்னிப்புக் கேட்டற்கும் இடமிருந்திருக்கும். முகத்தில் தோன்றி மறைந்த ஒன்றை மறுப்பது எங்ஙனம்? ஹ்யூ அதனைப் படித்துவிடுகின்றான். லீலியாவும் படிக்கின்றாள். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உள்ளத்து நிகழ்ச்சி மெய்யில் வெளிப்படுதலை வகுத்துக் கூறினார். அவ்வியலைக் கற்பிக்கும்போது ‘மெய்ப்பாடு சொல்லை முந்தும்’ என்பதற்குத் திரையிலிருந்து ஒரு காட்டு வேண்டின் இக்காட்சியைக் காட்டலாம்.

இங்கு மற்றொன்றும் நோக்கத்தக்கது. படத்தின் தொடக்கத்திலேயே மூவரையும் ஒருங்கு காட்டியமையால் பார்ப்போர்க்கு உண்மை தெரியும். டோனி ஒருவனுக்கே தெரியாது. ஆகவே பார்ப்போர் இக்காட்சியை அச்சத்தோடு எதிர்நோக்கியவண்ணம் இருக்கின்றனர். அவ்வாறு எதிர்நோக்கும்போது லீலியாவின் முகத்தில் கறுப்பினக் குறி ஏதேனும் உண்டோ எனத் தேடவும் செய்கின்றனர். நடித்த லீலியா கோல்டோனி சிசிலிய வழியினர், கறுப்பினத்தவர் அல்லர். தேடிய குறி அங்கு இல்லை. குறியைத் தேடிய கண், டோனியின் கண்ணிலிருந்து எவ்வளவு தூரம் வேறுபட்டது என்னும் கேள்வியைப் படம் வாய்விட்டுக் கேளாமல் விட்டிருப்பது அதன் நயம்.

ஹ்யூவின் துன்பம் வேறு வகையது. இரவு விடுதி ஒன்றில், நடனப் பெண்களை அறிமுகம் செய்யும் பணியினை அவன் ஏற்க நேர்கின்றது. நகைத்துணுக்குச் சொல்ல வேண்டும் என்கின்றனர், சொல்கின்றான், எவரும் நகைப்பதில்லை. அவன் பாடிக்கொண்டிருக்கும்போதே பெண்கள் மேடையேற்றப்படுகின்றனர். அவனுடைய திறத்தில் நம்பிக்கை வைத்தவன் உலகில் ஒருவனே. அவன்தான் ரூபர்ட் என்னும் மேலாளன். இருவரும் சண்டையிட்டுப் பின் இணங்கி அடுத்த ஊருக்குப் புறப்படுவதே அவன் கதைமுடிவு. எண்வகை மெய்ப்பாட்டுள் இளிவரலைத் திரையில் இவ்வளவு அடக்கமாகக் காட்டிய நடிகர் சிலரே.

பென் எக்காளம் ஊதுவோன் எனப்படுகின்றான், ஊதிக் கண்டிலோம். கறுப்புக் கண்ணாடியும் தோற்சட்டையும் அணிந்து, நண்பர் இருவரோடு விடுதிக்கு விடுதி திரிகின்றான். நவீனக் கலைக் கூடத்துச் சிற்பத் தோட்டத்தில் மூவரும் சிலைகளைக் கண்டு வாதிடும் காட்சி ஒன்றுண்டு. நண்பர் நகையாட, பென் சிறிது நேரம் உற்று நோக்குகின்றான். அதற்கு மேல் படம் எதனையும் வலியுறுத்தவில்லை. இறுதியில் மூவரும் ஒரு சண்டையில் அடிபட்டு வீழ்கின்றனர். இனி இவ்வாழ்க்கை வேண்டா என்று கூறிப் பென் தனியே இரவுத் தெருவில் நடந்து செல்கின்றான். அவன் எங்கே போகின்றான் என்பது தெரிவதில்லை. ‘தன்னையறிதல்’ என்னும் தொடருக்கு நம் சமய நூல்கள் தரும் பொருள் மிக ஆழமானது. ஈண்டு அதனை ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. இவ்விளைஞர் அறிவது மிகச் சிறிது. முன்பு தாம் நடித்த ஒரு நடிப்பினை இனி நடிக்க இயலாது என்பதே அவ்வறிவு.

இனிப் பாடங்களைப் பற்றிக் கூறுவாம். படத்தின் முதல் வடிவம் 1958 நவம்பரில் நியூயார்க்குப் பாரிஸ் அரங்கில் நள்ளிரவுக் காட்சிகளாகக் கட்டணமின்றிக் காட்டப்பட்டது. கண்டவருள் பலர் மகிழ்ந்தாரல்லர். ஜோனாஸ் மேக்கஸ் என்னும் விமரிசகர் மட்டும் அதனைப் பெரிதும் போற்றினார். அவர் நடத்திய ‘ஃபிலிம் கல்ச்சர்’ இதழ் தன் முதல் தனிமுயற்சிப் படப் பரிசினை 1959 சனவரியில் அதற்கு வழங்கியது. கசவெட்டிஸ் நிறைவடையவில்லை. ஒளிப்படக் கருவியின் விளையாட்டில் தாம் மயங்கி மாந்தரை மறந்துவிட்டதாக அவர் கருதினார். நடிகரை மீண்டும் அழைத்து, 1959இல் புதுக்காட்சிகள் பலவற்றை எடுத்துச் சேர்த்து, பழையன பலவற்றை நீக்கினார். இவ்விரண்டாம் வடிவம் 1959 நவம்பரில் ‘சினிமா 16’ கழகத்தில் காட்டப்பட்டது. 1960இல் வெனிஸ் விழாவில் விமரிசகர் பரிசு பெற்று, ஐரோப்பாவில் புகழடைந்த பின்னரே 1961இல் அமெரிக்க அரங்குகளுக்கு வந்தது. இன்று உலகு அறிந்த ‘ஷாடோஸ்’ இதுவே.

மேக்கஸ் வெகுண்டார். முதல் வடிவத்தின் தன்னியல்பும் புதுமையும் வாணிக நோக்கால் அழிந்தன என்று ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழில் எழுதினார். கசவெட்டிஸ் தம் இரண்டாம் வடிவமே சிறந்தது என்று மறுமொழி விடுத்தார். நெடுங்காலம் இப்பூசலைத் தீர்க்கச் சான்றில்லாதிருந்தது. முதல் வடிவம் மறைந்துவிட்டதென்றே கருதப்பட்டது. பின்னர் ரே கார்னி என்னும் பேராசிரியர் பன்னாள் தேடி, 2003இல் அதன் படி ஒன்றைக் கண்டெடுத்ததாக அறிவித்தார். சுரங்க இரயிலில் எவரோ விட்டுச்சென்று, உரியவர் வாராமையால் ஏலத்தில் விலைபோன பொருள்களிடையே அது கிடந்ததென அவர் கூறினார். அடுப்புக்கும் ஆற்றுக்கும் தப்பிய ஏடுகளின் வரலாற்றைக் கேட்டிருக்கும் நமக்கு இதில் வியப்பு இராது. 2004 சனவரியில் ராட்டர்டாம் விழாவில் அது காட்டப்பட்டது. கசவெட்டிஸ் 1989இல் மறைந்தமையின், அவர் மனைவியும் நடிகையுமான ஜீனா ரோலண்ட்ஸ் உரிமை பற்றித் தடை எழுப்பினார். ஆசிரியர் தள்ளிய வடிவம் வெளிவருதல் முறையன்று என்பது அத்தரப்பினர் கொள்கை. அதன்பின் அது பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்படவில்லை.

முறையை மட்டும் நோக்குவோமாயின், ஆசிரியர் வாழ்ந்தபோதே தெளிந்து திருத்திய வடிவமே அவர் பெயரால் வழங்கற்குரியது, இதில் ஐயமில்லை. இரண்டாம் வடிவத்தையே நாமும் சிறந்ததாகக் கொள்கின்றோம். லீலியாவின் உள்ளத்தை அத்துணை நுட்பமாகக் காட்டும் படத்தை வாணிகத்திற்கு விலைபோனதென்று கூற மனம் ஒருப்படவில்லை. ஆனால் நீக்கிய பாடத்தை எவரும் காணாதவாறு காப்பது வேறு. பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் தந்த பதிப்பாசிரியர் மூலத்தை இழிவுபடுத்தினாரல்லர். கற்பார்க்கு ஆராயும் உரிமையை அளித்தார். மேக்கஸ் கூறியது சரியோ, கசவெட்டிஸ் கூறியது சரியோ என்பதனை இரண்டையும் அருகருகே வைத்துக் கண்டார் ஒருசிலரே சொல்லக்கூடிய நிலையில் உள்ளனர்.

படத்தின் முடிவில், இதுகாறும் கண்டது முன்னேற்பாடின்றி நிகழ்த்தப்பட்டது என்னும் பொருளுடைய எழுத்துகள் தோன்றுகின்றன. முதல் வடிவத்திற்கு இது பெரிதும் பொருந்தும். இரண்டாம் வடிவத்துக்குச் சேர்த்த காட்சிகளை உருவாக்குவதில் ராபர்ட் ஆலன் ஆர்தர் என்னும் எழுத்தாளர் துணைபுரிந்தார். எழுதி ஆயத்தம் செய்த பகுதிகள் அதில் பல உள. எனவே அக்கூற்றைப் பொய் என்பாரும் உளர். நடிகர் பன்னாள் பயின்று தம் உயிரோடு ஒன்றிய மாந்தர்க்கே பின்னர்ச் சொற்கள் எழுதப்பட்டன என்பதனை அவர்கள் எண்ணுவதில்லை. இசையிலும் இதே நிலைதான். சார்லஸ் மிங்கஸ் இசையமைக்க ஒப்புக்கொண்டு, எழுதி முடிக்கக் காலம் வேண்டினார். கசவெட்டிசோ அப்பொழுதே வாசித்தல் வேண்டும் என்றார். பென் இரவுத் தெருவில் நடந்து செல்லும் இறுதிக் காட்சியில் தனித்தொலிப்பது ஷஃபி ஹாதியின் சாக்சபோன்.