பரிமாற்றக் கல்வி: ஓராண்டைப் பயனுள்ளதாக்குவது எவ்வாறு?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ், முஸ்லிம் குடும்பங்களில் 'பிள்ளை வெளிநாடு போகிறது' என்ற செய்திக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான் கொள்ளப்படுகிறது. போனவர் அங்கேயே படித்து, தொழில் தேடி, குடியுரிமை பெற்று, பின்னர் உறவினர்களையும் அழைத்துக்கொள்வார் என்பதே அது. 1983 ஆம் ஆண்டின் வன்செயல்களும் தொடர்ந்த யுத்தமும் 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியும் இந்த எண்ணத்தை வேரூன்றச் செய்ததில் வியப்பில்லை. ஆனால், மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் கீழ் ஓராண்டுக்குச் செல்பவரின் பயணம் இதிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. அது திரும்பி வருவதற்காகவே மேற்கொள்ளப்படும் பயணம். மாணவரும் பெற்றோரும் இதனைப் புறப்படுமுன்னரே உணர்ந்துகொள்ளாவிடின் அந்த ஓராண்டின் பெரும்பகுதி வீணாகிவிடும்.

பரிமாற்றக் கல்வி என்பது புதிய விடயமன்று. அமெரிக்காவின் புல்பிறைட் திட்டம் 1946 இல் சட்டமாக்கப்பட்டது. இலங்கை அதில் 1952 இல் இணைந்தது. ஐரோப்பாவின் ஈராஸ்மஸ் திட்டம் 1987 இல் 11 நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணவர்களுடன் தொடங்கி, பிற்காலத்தில் ஐரோப்பாவுக்கு வெளியேயுள்ள பல்கலைக்கழகங்களுக்கும் விரிவடைந்தது. ஜப்பானிய மொழியைப் பட்டப்படிப்பாகப் பயில்வோருக்கென ஜப்பான் அரசு ஏறத்தாழ ஓராண்டுக் காலப் புலமைப்பரிசில் ஒன்றை வழங்குகிறது. தூய சக்தித் தொழில்நுட்பத் துறையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கும் நோர்வேயின் பேர்கன் நகரிலுள்ள மேற்கு நோர்வே பிரயோக அறிவியல் பல்கலைக்கழகத்துக்கும் இடையே ஏற்பட்ட ஒத்துழைப்பு, எமது மாணவர் சிலரை அந்நகருக்கு அழைத்துச் சென்றது.

இத்தகைய பரிமாற்றங்களில் மாணவர் தமது சொந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவராகவே தொடர்ந்தும் இருக்கிறார். இரு நிறுவனங்களுக்கிடையே உடன்படிக்கை இருப்பின், அங்கு தனியாகக் கற்பித்தற் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை என்பதே பொதுவான நடைமுறை. ஆனால் அங்கு படித்த பாடங்கள் இங்கு கணக்கில் எடுக்கப்படுமா என்பதைப் புறப்படுமுன்னரே எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய முறையில் முழுமையான ஒரு கல்வியாண்டு 60 திறமைச் சித்திப் புள்ளிகளுக்குச் சமமானது. எந்தப் பாடம் எதற்கு ஈடாகும் என்ற ஒப்பந்தத்தில் இரு பீடங்களும் மாணவரும் கையொப்பமிடுவது வழக்கம். இதனை அலட்சியம் செய்தால், ஓராண்டு முன்னேறிச் சென்றவர் திரும்பி வந்து ஓராண்டு பின்னால் நிற்க நேரிடும்.

எமது மாணவர்களுக்கே உரிய ஆபத்து ஒன்றுண்டு. லண்டன், பாரிஸ், ஒஸ்லோ, ரொறன்ரோ என எங்கு சென்றாலும் அங்கே ஒரு மாமாவோ சித்தியோ இருப்பார்கள். வார இறுதி தோறும் அவர்களது வீட்டில் சோறும் கறியும் தொலைக்காட்சித் தொடரும் காத்திருக்கும். உறவுகளைப் பேணுவது கடமையே. அவசர வேளையில் அவர்களே துணை. ஆயினும் எல்லா வார இறுதிகளையும் அங்கே கழிப்பவர் வெள்ளவத்தையை விட்டு வெளியே சென்றவர் அல்லர். மாதத்தில் ஒரு வார இறுதியை உறவினருக்கும் ஏனையவற்றைச் சக மாணவருக்கும் அந்நாட்டு மக்களுக்கும் ஒதுக்குவது தக்கது.

மனநிலை பற்றியும் அறிந்திருத்தல் நன்று. நோர்வேச் சமூகவியலாளரான லிஸ்கார்ட், அமெரிக்காவுக்குச் சென்று திரும்பிய நோர்வேப் புலமைப்பரிசிலாளர்களை ஆராய்ந்து 1955 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆறு மாதத்துக்குக் குறைவாகத் தங்கியோரும் பதினெட்டு மாதத்துக்கு மேல் தங்கியோரும் ஓரளவு நன்கு ஒத்துப்போயிருந்தனர். இடைப்பட்ட காலம் தங்கியோரே அதிகம் இடர்ப்பட்டனர். பிந்திய ஆய்வுகள் அனைத்தும் இதனை அவ்வாறே ஏற்கவில்லை. எனினும் ஓராண்டு செல்பவர் அந்த இடைப்பட்ட காலத்துக்குள்ளேயே அடங்குகிறார் என்பதை மனதிற் கொள்ளலாம். தொடக்க வியப்பு தணிந்த பின் வரும் சோர்வு தமது தகுதியின்மையின் அறிகுறியன்று. அவ்வேளையில் நாள்தோறும் வீட்டாருடன் மணிக்கணக்கில் பேசுவது பிரிவுத்துயரை நீடிக்கவே செய்யும். பெற்றோரும் இதிற் சற்று நிதானம் காட்ட வேண்டும்.

சமயக் கடமைகளும் உணவும் முன்கூட்டியே திட்டமிடப்பட வேண்டியவை. டிசம்பர் மாதப் பிற்பகுதியில் பேர்கனில் பகற்பொழுது ஆறு மணித்தியாலத்துக்கும் குறைவு. லுஹர், அஸர், மஃரிப் ஆகிய மூன்று தொழுகைகளின் நேரமும் ஏறத்தாழ மூன்று மணித்தியாலத்துக்குள் தொடங்கிவிடும். விரிவுரைகளுக்கிடையே தொழுவதற்கு இடமுண்டா, விடுதியில் ஹலால் அல்லது சைவ உணவு கிடைக்குமா என்பவற்றை முதற் கடிதத்திலேயே கேட்டுவிடலாம். கேட்பதில் தயக்கம் தேவையில்லை. சமைக்கக் கற்றுக்கொண்டு செல்வது அதனிலும் மேலானது.

அங்கே மாணவரிடம் அடிக்கடி கேட்கப்படும் வினா, 'உங்கள் நாடு எப்படிப்பட்டது?' என்பதே. பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்துடனோ, அடுத்த தெருவிலுள்ள முஸ்லிம் அல்லது தமிழ்க் குடும்பத்துடனோ பழகாதவர் இதற்கு என்ன விடை கூறுவார்? எனவே ஆயத்தம் கொழும்பிலேயே தொடங்க வேண்டும். கண்டவற்றைத் தமிழில் எழுதிவைப்பதும் நல்ல பழக்கம். 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராகவிருந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் பரிமாற்ற மாணவராகப் பயணம் செய்தவர் அல்லர். எனினும் 1967 இல் வெளியான 'மிஸ்றின் வசியம்', 'கிழக்காபிரிக்கக் காட்சிகள்' ஆகிய பயண நூல்கள் மூலம் தாம் கண்டதைத் தமது மக்களுக்கும் உரியதாக்கினார்.

இறுதியாக, திரும்புதல். அமெரிக்காவுக்கு அரச நிதியுதவியுடன் பரிமாற்ற வீசாவில் செல்பவர், விலக்களிப்புப் பெற்றாலன்றி, இரண்டு வருடங்கள் சொந்த நாட்டில் வாழ்ந்த பின்னரே அங்கு குடியேறத் தகுதி பெறுவார். சட்டம் ஒருபுறமிருக்க, ஒருவர் திரும்பாதுவிடின் அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கும் இன்னொரு வீட்டுப் பிள்ளையே ஐயத்துடன் நோக்கப்படும். 'அங்கேயே நின்றுவிடு' என்று தொலைபேசியில் ஆலோசனை கூறும் பெரியவர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும். பின்னர் முறைப்படி மேற்படிப்புக்குச் செல்வதை எவரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் இந்த ஓராண்டு, போனவருக்கு மட்டுமன்றி, அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்கும் சொந்தமானது.