ஊசி போடலாமா, வேண்டாமா? பெற்றோர் முடிவெடுக்கும் விதம்

தடுப்பூசி என்றால் டாக்டர் எழுத வேண்டிய விஷயம், வியாபாரிக்கு அதில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். மருந்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஒரு தாயும் தகப்பனும் தம் குழந்தைக்கு ஊசி போடுவதா வேண்டாமா என்று எப்படி முடிவுக்கு வருகிறார்கள் என்பது மருத்துவக் கேள்வி மட்டும் அன்று. அது நம்பிக்கையைப் பற்றிய கேள்வி. யாரை நம்பிக் கடன் கொடுப்பது, யார் சரக்கை நம்பி வாங்குவது என்று நாற்பது வருஷம் கடையில் உட்கார்ந்தவனுக்கு அதில் கொஞ்சம் பழக்கம் உண்டு. மேலும், இந்த விஷயத்தைக் கற்றுக்கொள்ள நாம் பிழைக்க வந்த மும்பையைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

மும்பைக்கு வந்த அம்மைப்பால்

1796இல் எட்வர்ட் ஜென்னர் இங்கிலாந்தில் பசு அம்மையின் நீரைக் கொண்டு பெரியம்மையைத் தடுத்துக் காட்டினார். அந்த அம்மைப்பால் பாஸ்ரா வழியாகக் கப்பலில் பம்பாய்க்கு வந்தது. 1802 ஜூன் 14ஆம் தேதி அன்னா டஸ்தால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு அதைக் குத்தினார்கள். இந்தியாவில் அது முதலில் பிடித்தது அந்தக் குழந்தையின் கையில்தான். அவள் கையிலிருந்து எடுத்து மற்றக் குழந்தைகளுக்கு, அவர்களிடமிருந்து வேறு ஊர்களுக்கு என்று கைக்குக் கை மாறியே அது சென்னை வரை போயிற்று.

அன்றைய பெற்றோர் நிலையை எண்ணிப் பாருங்கள். முன்பின் தெரியாத ஒரு குழந்தையின் புண்ணிலிருந்து எடுத்த நீரைத் தம் பிள்ளை உடம்பில் ஏற்ற வேண்டும். கிட்டத்தட்ட எட்டாம் நாள் பிள்ளையை மறுபடி கொண்டுபோய், அடுத்தவர்களுக்கு எடுக்கக் கொடுக்க வேண்டும். இதில் ஜாதி ஆசாரம் ஒரு பக்கம், மாரியம்மன் கோபித்துக்கொள்வாளோ என்ற பயம் ஒரு பக்கம். தயங்கியவர்களை மூடர்கள் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது நியாயமில்லை.

சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரையைத் தமிழன்பர்கள் அறிவார்கள். திருக்குறளுக்கு ஆங்கிலத்தில் உரை எழுதியவர். அவர் இந்தத் தயக்கத்தைப் போக்க, தன்வந்திரியும் தேவியும் அம்மைப்பால் பற்றிப் பேசிக்கொள்வதாகப் புராண நடையில் ஒரு நூல் செய்தார். நோக்கம் நல்லதுதான். ஆனால் தம் பேச்சை அவர் தெய்வத்தின் வாயில் வைத்தார். ஜனங்கள் சரக்கை மட்டும் பார்ப்பதில்லை, சொல்கிறவர் யார் என்றும் பார்க்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

தானே முதலில் போட்டுக்கொண்டவர்

1896இல் பம்பாயில் பிளேக் வந்தது. ஊரே காலியானது. வால்டெமார் ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு சிறிய இடத்தில் இருந்து தடுப்பு மருந்து தயாரித்தார். 1897 ஜனவரி 10ஆம் தேதி அதை முதலில் தம் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். இளைஞராக இருந்த ஆகா கானும் தம் சமூகத்தார் பார்க்கும்படி ஊசி போட்டுக்கொண்டார். அதைப் பார்த்து அவர் மக்களும் முன்வந்தார்கள். பரேலில் உள்ள ஹாஃப்கின் நிலையம் 1925 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1902இல் பஞ்சாப் மாகாணத்து முல்கோவால் கிராமத்தில் பிளேக் ஊசி போட்டுக்கொண்டவர்களில் 19 பேர் ரணஜன்னி கண்டு இறந்தார்கள். ஒரே ஒரு புட்டி கெட்டுப்போயிருந்தது. பழி ஹாஃப்கின் மேல் விழுந்தது. 1907இல்தான் அவர் மேல் குற்றமில்லை என்று ஆயிற்று. ஒரு புட்டியின் அசுத்தம் ஒரு மருந்தின் நல்ல பெயரையே கெடுத்துவிடும். அதனால்தான் இன்று ஊசிக்குப் பின் ஏதாவது நேர்ந்தால் அதைப் பதிந்து விசாரிக்க அரசில் ஓர் ஏற்பாடு உண்டு. குறையை மறைக்கிற கடையில் யாரும் இரண்டாம் முறை வாங்குவதில்லை.

செய்தது உறுத்தும், செய்யாதது உறுத்தாது

பெற்றோர் மனசில் இன்னொரு கணக்கும் ஓடுகிறது. "நான் கூட்டிப்போய்ப் போட்டு ஏதாவது ஆயிட்டா?" என்ற பயம் பெரிது. "போடாமல் நோய் வந்துவிட்டால்?" என்ற பயம் சிறிது. ஏனென்றால் நோய் தானாக வந்தது. ஊசி நம் கையால் நடந்தது. ரிட்டோவ், பேரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1990இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நோயின் ஆபத்தைவிட ஊசியின் ஆபத்து குறைவு என்று எண்ணிக்கையில் காட்டியும் பலர் ஊசிக்குத் தயங்கினார்கள்.

ஆனால் செய்யாததும் ஒரு செயல்தான். அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் 1736இல் நான்கு வயது மகனைப் பெரியம்மைக்குப் பறிகொடுத்தார். பிள்ளைக்கு அம்மை குத்தாமல் விட்டதை எண்ணி வருந்தியதைப் பிற்காலத்தில் தம் சுயசரிதையில், மற்றப் பெற்றோர் அறியட்டும் என்றே எழுதி வைத்தார்.

வதந்தியின் வேகம்

1998இல் லண்டன் மருத்துவ இதழ் ஒன்றில், வெறும் 12 குழந்தைகளை வைத்து, தட்டம்மை ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போடுகிற கட்டுரை வந்தது. 2010இல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. எழுதிய மருத்துவரின் உரிமமும் போயிற்று. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியிட்ட ஆய்வு, அப்படி ஒரு தொடர்பே இல்லை என்று காட்டியது. ஆனாலும் அந்தப் பழைய பேச்சு இன்னும் ஓயவில்லை. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டிலும் வேறு சில இடங்களிலும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் தொடங்கியபோது, நம் ஊர் வாட்ஸ்அப்பில் பரவிய செய்திகளால் படித்த பெற்றோரே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கினார்கள். அனுப்பியவர் சொந்தக்காரர் என்பதால் செய்தியும் உண்மையாகிவிடுமா?

நம் வீட்டில் நடப்பது

இவ்வளவும் சொன்னாலும், வெளிமாநிலத் தமிழ்க் குடும்பங்களில் ஊசி வேண்டாம் என்று தீர்மானித்துப் போடாமல் விடுகிறவர்கள் அபூர்வம். நம்மிடம் முடிவே எடுக்கப்படுவதில்லை, நாள் போய்விடுகிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில். பிறந்தவுடன் போடுவது, ஆறாம் வாரம், பத்தாம் வாரம் போடுவது எல்லாம் வந்தவாசியிலோ திருநெல்வேலியிலோ முடியும். ஐந்தாம் மாதம் மும்பைக்கு வருகிறார்கள். அட்டை ஊரில் பீரோவில் இருக்கும். இங்கே வரும் ஆஷா பணியாளர் மராத்தியில் கேட்பார், மருமகளுக்குப் புரியாது. "அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப போட்டுக்கலாம்" என்பாள் பாட்டி. அதற்குள் ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசியும் தள்ளிப் போகும்.

தள்ளிப்போனால் என்ன என்று கேட்கக்கூடாது. தட்டம்மை கண்ட ஒருவர், பாதுகாப்பில்லாத 12 முதல் 18 பேருக்குக் கொடுத்துவிடுவார். அது பரவாமல் இருக்க நூற்றுக்கு 95 குழந்தைகளுக்காவது இரண்டு தவணையும் போட்டிருக்க வேண்டும். 2022இல் மும்பை கோவண்டிப் பகுதியில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்ததை நாம் பத்திரிகையில் படித்தோம். ஊசி போடும் வயது வராத ஆறு மாதக் குழந்தை பக்கத்து வீட்டில் இருந்தால், அதற்குக் காவல் நம் பிள்ளைக்குப் போட்ட ஊசிதான்.

அஹிம்சைக் கேள்வி

"ஊசியில் முட்டை இருக்கிறதாமே, நாம போடலாமா?" என்று எங்கள் சமணக் குடும்பங்களிலும் மற்ற சைவ உணவுக்காரர்களும் என்னைக் கேட்பதுண்டு. இன்ஃப்ளுயன்சா ஊசிகள் பலவற்றின் கிருமி முட்டையில் வளர்க்கப்படுவது உண்மை. சில ஊசிகளில் ஜெலட்டினும் உண்டு. எதில் என்ன என்று டாக்டரிடம் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சையை விளக்கும்போது பிரமாதத்தை, அதாவது கவனமின்மையை, அதற்கு வேராக வைக்கிறது. தடுக்க வழியிருந்தும் அசட்டையாக விட்டு, நம் பிள்ளையால் இன்னொரு வீட்டுக் குழந்தைக்கு நோய் போனால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது? என் வாசிப்பில் அஹிம்சை ஊசியின் பக்கமே நிற்கிறது.

செய்யத்தக்கவை

தாய்வீட்டிலிருந்து கிளம்பும்போது பால்புட்டிக்கு முன்னால் தடுப்பூசி அட்டையை எடுத்து வையுங்கள். அதை ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் எந்த ஊர் அரசு மையத்திலும் குழந்தைக்கு இலவசமாகப் போடுவார்கள். பிறந்த ஊரிலேயே போட வேண்டும் என்ற விதி இல்லை. ஒரு தவணை விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். லேசான சளி இருந்தாலும் பெரும்பாலும் தடையில்லை. டாக்டரிடம் காட்டி முடிவு செய்யுங்கள். ஊசிக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் ஜுரம், கை வீக்கம் வருவது வழக்கம். அதற்கு மேல் எது இருந்தாலும் போட்ட இடத்தில் போய்ச் சொல்லுங்கள்.

நம் சங்கத்துக்கும் இதில் வேலை உண்டு. மராத்தியும் தமிழும் தெரிந்த மூத்த தாய்மார் இரண்டு பேர், புதிதாக வந்த மருமகள்களோடு தடுப்பூசி நாளன்று மையத்துக்குப் போய் வந்தால் போதும். தெரிந்த முகம் கூட வந்தால் பயம் பாதி குறையும். அடுத்த பொதுக்குழுவில் இதை எடுத்துக்கொள்ளுமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.