ஹைபிரிட்டா, பெட்ரோலா? வீட்ல கேட்டா என்ன சொல்வீங்க?

இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளை ஒண்ணு வீட்ல இருந்தா போதும், மிக்ஸி ரிப்பேர்ல இருந்து கார் வாங்குறது வரைக்கும் எல்லாத்துக்கும் நம்ம தலையைத்தான் பார்ப்பாங்க. "நீதான் படிக்கிறியே, எது நல்லதுன்னு பாத்து சொல்லு." நாம படிக்கிறது சிவிலா, கம்ப்யூட்டரான்னு யாரும் கவலைப்படுறது இல்ல. ஆனா கார் விஷயத்துல தப்பா சொல்லிட்டா அது சாதாரணத் தப்பு இல்ல. அப்பாவோட பல வருஷச் சேமிப்பு, இல்லேன்னா அஞ்சு வருஷ இஎம்ஐ. அதனால "யூடியூப்ல நல்லா சொல்றாங்க"ன்னு தலையாட்டுறதுக்கு முன்னாடி, ஒரு கால்குலேட்டரோட உட்கார்ந்து யோசிப்போம்.

இப்போ செகண்ட் ஹேண்ட் சந்தையில அதிகமா வர்ற கேள்வி: மிட் சைஸ் எஸ்யூவில சாதா பெட்ரோல் எடுக்கலாமா, கூடக் கொஞ்சம் போட்டு ஹைபிரிட் எடுக்கலாமா? நம்ம ஊர்ல இந்த சைஸ்ல ஹைபிரிட்னா முக்கியமா ரெண்டு பேர்தான்: டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா. ரெண்டும் 2022 செப்டம்பர்ல வந்தது, ரெண்டும் அடிப்படையில ஒரே வண்டி. முதல் தலைமுறை ஓனர்கள் இப்போ விக்க ஆரம்பிச்சிருக்காங்க. அதனால இந்த ஜோடியையே உதாரணமா எடுத்துக்குவோம்.

முதல் பொறி: பேர்லயே இருக்கு

"ஹைபிரிட்தான் சார்"னு புரோக்கர் சொன்னா உடனே நம்பிடாதீங்க. இந்த வண்டிகள்ல மைல்டு ஹைபிரிட், ஸ்ட்ராங் ஹைபிரிட்னு ரெண்டு வகை உண்டு. மைல்டு ஹைபிரிட்ல இருக்கிறது 1462 சிசி, நாலு சிலிண்டர் சாதா பெட்ரோல் எஞ்சின். ஆல்டர்னேட்டர் இருக்க வேண்டிய இடத்துல ஸ்டார்ட்டர் வேலையும் சேர்த்துப் பார்க்கிற ஒரு சின்ன மோட்டார், கூட ஒரு சின்ன பேட்டரி. அவ்வளவுதான். அந்த மோட்டாரால வண்டியைத் தனியா நகர்த்த முடியாது. செலவுக் கணக்குல இதை நீங்க பெட்ரோல் வண்டியாத்தான் எடுத்துக்கணும்.

ஸ்ட்ராங் ஹைபிரிட் வேற. 1490 சிசி, மூணு சிலிண்டர் எஞ்சின், கூடவே 80 குதிரைத்திறன் மோட்டார். எஞ்சினை அணைச்சுட்டு மோட்டார்லயே கொஞ்ச தூரம் ஓடும். கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: கிளட்ச் பெடல் இருந்தா அது ஸ்ட்ராங் ஹைபிரிட் கிடையாது. ஆட்டோமேட்டிக்கா இருந்தா டாஷ்போர்டைப் பாருங்க. ஸ்ட்ராங் ஹைபிரிட்ல பட்டனை அழுத்தினதும் எஞ்சின் சத்தம் வராம 'ரெடி' விளக்கு மட்டும் எரியும், தனியா ஒரு இவி பட்டனும் இருக்கும்.

மிச்சம் எங்கிருந்து வருது?

கம்பெனி சொல்ற ஏஆர்ஏஐ மைலேஜ், ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்கு 27.97. கிராண்ட் விட்டாரா பெட்ரோல் மேனுவலுக்கு 21.11. ரோட்டுல ரெண்டுமே இதை விடக் குறைவாத்தான் தரும். ஆனா அந்த வித்தியாசம் எப்படி வருதுன்னு புரிஞ்சா, உங்க வீட்டுக்கு அது கிடைக்குமா கிடைக்காதான்னும் புரிஞ்சிடும்.

சாதா பெட்ரோல் வண்டி சிக்னல்ல பிரேக் போடும்போது, அதோட இயக்க ஆற்றல் முழுக்க டிஸ்க்ல வெப்பமாப் போயிடுது. ஹைபிரிட்ல மோட்டார் ஜெனரேட்டரா மாறி, அதுல ஒரு பங்கைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புது. அடுத்த சிக்னல்ல கிளம்பும்போது அதே மின்சாரம் வண்டியைத் தள்ளுது. ரெண்டாவது, பெட்ரோல் எஞ்சின் ரொம்பத் திறமைக்குறைவா வேலை செய்யுற நேரம் எது? குறைஞ்ச சுமையில ஊர்ந்து போற நேரம். அந்த நேரத்துல ஹைபிரிட் எஞ்சினை அணைச்சிடுது. மூணாவது, அந்த எஞ்சின் அட்கின்சன் முறையில ஓடுது. இன்டேக் வால்வு தாமதமா மூடுறதால கம்ப்ரெஷனை விட எக்ஸ்பேன்ஷன் நீளமா கிடைக்கும். எரிபொருள் மிச்சமாகும், ஆனா இழுவை குறையும். அந்தக் குறையை மோட்டார் ஈடுகட்டுது.

இதையெல்லாம் சேர்த்துக் கட்டுறது ஒரு பிளானட்டரி கியர் செட். எஞ்சின் கேரியர்ல, ஜெனரேட்டர் சன் கியர்ல, ரிங் கியர் சக்கரத்தோட. 1997ல ஜப்பான்ல விற்பனைக்கு வந்த முதல் பிரியஸ்ல இருந்து டொயோட்டா பிடிச்சு வச்சிருக்கிற அமைப்பு இது. இ-சிவிடின்னு பேர் இருந்தாலும் உள்ள பெல்ட் கிடையாது, தேயுற கிளட்சும் கிடையாது. கைனமேட்டிக்ஸ் பேப்பர்ல எபிசைக்ளிக் கியர் கணக்கு எதுக்குடான்னு கேட்டிருந்தா, பதில் இங்கதான் ஓடிட்டு இருக்கு.

இப்போ கவனிங்க. மேல சொன்ன முதல் ரெண்டு மிச்சமும் நின்னு நின்னு போற ரோட்டுக்கானது. பைபாஸ்ல 90ல நிலையா போனா பிரேக்கே போடுறது இல்ல, திருப்பி எடுக்க ஆற்றலும் இல்ல. எஞ்சினும் பெரும்பாலும் ஓடிக்கிட்டேதான் இருக்கும். அதனால நெடுஞ்சாலையில ரெண்டு வண்டிக்குமான இடைவெளி குறைஞ்சிடும்.

கணக்கைப் போடுவோம்

எத்தனை கிலோமீட்டர் ஓட்டினா கூடுதல் காசு திரும்பும்? சூத்திரம் ரொம்ப எளிது: ஹைபிரிட்டுக்குக் கூடுதலாக் கொடுக்கிற விலை ÷ ஒரு கிலோமீட்டருக்கு மிச்சமாகிற ரூபாய்.

கணக்குக்காக சில எண்களை வச்சுக்குவோம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய். ஒரே வருஷத்து, ஒரே நிலைமையில இருக்கிற ரெண்டு வண்டிக்கு நடுவுல விலை வித்தியாசம் 3 லட்சம். சிட்டியில பெட்ரோல் 14 கி.மீ., ஹைபிரிட் 21 கி.மீ. பைபாஸ்ல பெட்ரோல் 17, ஹைபிரிட் அதே 21. நீங்க பார்க்கிற வண்டியோட உண்மையான எண்களை இதே இடத்துல போட்டுக்கலாம்.

சிட்டி: பெட்ரோலுக்கு கி.மீ.க்கு 7.14 ரூபாய், ஹைபிரிட்டுக்கு 4.76. மிச்சம் 2.38. மூணு லட்சத்தை அதால வகுத்தா சுமார் 1,26,000 கி.மீ.

பைபாஸ்: 5.88க்கும் 4.76க்கும் வித்தியாசம் 1.12 ரூபாய். மூணு லட்சம் திரும்ப 2,68,000 கி.மீ. ஓடணும்.

இதை ரெண்டு வீட்டுல பொருத்திப் பார்ப்போம். ஒரு அக்கா தாம்பரத்துல இருந்து ஓஎம்ஆர் ஆபீசுக்குப் போக வர தினம் 60 கி.மீ. நெரிசல்ல ஓட்டுறாங்க. வருஷத்துக்கு 300 நாள்னா 18,000 கி.மீ., மிச்சம் சுமார் 42,800 ரூபாய். ஏழு வருஷத்துல போட்டது திரும்பிடும். இன்னொரு வீடு கரூர்ல. அப்பா டவுனுக்குள்ள ஸ்கூட்டர்லதான் போவார். கார் எடுக்கிறது கல்யாணம், பழனி, மதுரைன்னு பைபாஸ்ல மட்டும், வருஷத்துக்கு 8,000 கி.மீ. மிச்சம் 9,000 ரூபாய்க்கும் கம்மி. மூணு லட்சம் திரும்ப 33 வருஷம்! அதுக்குள்ள வண்டி பேரீச்சம்பழத்துக்குப் போயிருக்கும்.

அந்த 3 லட்சமும் கடன்ல வருதுன்னா இன்னொரு வரி சேர்க்கணும். 12 சதவீத வட்டி, அஞ்சு வருஷம்னா மாசம் 6,673 ரூபாய் கட்டணும். மொத்தம் கிட்டத்தட்ட 4 லட்சம். இப்போ சிட்டி ஓட்டத்துக்கே 1,68,000 கி.மீ. ஆகுது. நியாயமா எதிர்ப்பக்கமும் பார்க்கணும்: திருப்பி விக்கும்போது ஹைபிரிட்டுக்கு ஒரு லட்சம் கூடக் கிடைக்கும்னா, கையில காசு இருக்கிறவருக்கு உண்மையான கூடுதல் 2 லட்சம்தான். அப்போ 84,000 கி.மீ. போதும்.

சத்தமில்லாத ஓட்டம், நெரிசல்ல இடது காலுக்கு ஓய்வு, இதெல்லாம் கணக்குல வராத சுகம். அதுக்காக வாங்கினா தப்பே இல்ல. ஆனா "பெட்ரோல் மிச்சம்"னு சொல்லி வாங்குறதா இருந்தா, கணக்கு பாஸ் ஆகணும்.

பேட்டரி போயிடுமேங்கிற பயம்

ஹைபிரிட்னதும் சித்தப்பா கேக்குற முதல் கேள்வி இது. எலெக்ட்ரிக் காரோட பேட்டரியை மனசுல வச்சு பயப்பட வேணாம். இந்த வண்டியில இருக்கிறது ஒரு யூனிட்டுக்கும் குறைவான கொள்ளளவு உள்ள லித்தியம் அயன் பேட்டரி. கட்டுப்பாட்டு கம்ப்யூட்டர் அதை முழுசா நிரம்பவும் விடாது, காலியாகவும் விடாது. நடுவுலயே வச்சு ஓட்டும், அதனால ஆயுள் கூடும். கம்பெனி வாரண்டியும் 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ. இது முதல் விற்பனைத் தேதியில இருந்து கணக்கு. 2022 கடைசியில வித்த வண்டிக்கு 2030 கடைசி வரை, கி.மீ. தாண்டாம இருந்தா. வாரண்டி உங்க பேருக்குத் தொடருமா, சர்வீஸ் தவறாம நடந்திருக்கான்னு ஷோரூம்ல வண்டி நம்பரைக் கொடுத்துக் கேட்டுக்குங்க.

டெஸ்ட் டிரைவ்ல இருபது நிமிஷமாவது நெரிசல்ல ஓட்டுங்க. சார்ஜ் காட்டுற கோடு மெதுவா ஏறி இறங்கணும். சட்டுனு நிரம்பி, சட்டுனு காலியானா சந்தேகப்படுங்க. பேட்டரியைக் குளிர்விக்க, பொதுவா பின்சீட்டை ஒட்டி ஒரு காற்று நுழைவாய் இருக்கும். அதுல தூசி, நூல், நாய் முடி அடைச்சிருந்தா பேட்டரி சூட்டுலயே வாழ்ந்திருக்குன்னு அர்த்தம். முன்பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்ல ஹைபிரிட் செக்கப் ஒண்ணு போட்டுடுங்க. பேட்டரி பூட்டுக்குக் கீழே இருக்கிறதால சாமான் இடம் குறையும். வீட்டு லக்கேஜை ஒரு தடவை வச்சே பார்த்துடுங்க.

பெட்ரோல் எடுத்தா எதைப் பார்க்கணும்?

கணக்கு பெட்ரோல் பக்கம் சாஞ்சா தேர்வு விரியும். நம்ம இருங்காட்டுக்கோட்டையில தயாராகிற கிரெட்டா, செல்டோஸ், எலிவேட், குஷாக், டைகூன்னு பெரிய பட்டியல். இதுல எஞ்சினை விட கியர்பாக்ஸைத்தான் உன்னிப்பாப் பார்க்கணும். டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் நெரிசலைத் தாங்கும். டிரை கிளட்ச் டிசிடி வேகத்துக்கு அருமை, ஆனா மேட்டுல ஊர்ந்து ஊர்ந்து போனா கிளட்ச் சூடாகும். வண்டியைச் சின்ன ஏத்தத்துல நிறுத்தி மெதுவாக் கிளப்புங்க. உதறல் தெரிஞ்சா மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. மேனுவல்னா கிளட்ச் எவ்வளவு உயரத்துல பிடிக்குதுன்னு பாருங்க.

இன்னொண்ணு, இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனால்ல பெட்ரோலோட ஆற்றல்ல சுமார் மூணுல ரெண்டு பங்குதான் இருக்கு. அதனால மைலேஜ் கொஞ்சம் குறையத்தான் செய்யும். 2023 ஏப்ரலுக்கு முன்னாடி தயாரான வண்டின்னா, அதோட ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் இந்தக் கலவைக்கு ஏத்ததான்னு ஓனர் மேனுவல்ல பார்த்துக்கணும்.

உண்மையில பயப்பட வேண்டியது

பேட்டரியை விடப் பெரிய பூதம் வெள்ளம். 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் சென்னையில எத்தனை வண்டி மூழ்கிச்சுன்னு பார்த்தோம். அப்படி மூழ்கின வண்டி பாலிஷ் போட்டு வேற ஊர்ல விலைக்கு நிக்கலாம். ஹைபிரிட்ல உயர் மின்னழுத்த வயரிங் இருக்கிறதால இன்னும் ஆபத்து. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து மண் கோடு இருக்கான்னு பாருங்க. சீட்டுக்கு அடியில தண்டவாளத்துல துரு, ஸ்டெப்னி குழியில வண்டல், மேட்டைத் தூக்கினா ஈர வாடை, எதையும் விடாதீங்க.

அப்புறம் இன்சூரன்ஸ் காப்பி. கிளெய்ம் இல்லாத வருஷங்களுக்கு நோ கிளெய்ம் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம்னு ஏறும். மூணு வருஷ வண்டிக்கு அது பூஜ்யம்னா என்ன ஆச்சுன்னு கேளுங்க. பதில் முரண்பட்டா அங்கயே கும்பிடு போட்டுட்டு வந்துடலாம்.

பேப்பர் விஷயம்: பரிவாகன் தளத்துல நம்பரைப் போட்டா எத்தனாவது ஓனர், வங்கிக் கடன் இருக்கா, அபராதம் பாக்கி இருக்கான்னு தெரியும். கடன் இருந்தா வங்கி தடையில்லாச் சான்றும் படிவம் 35ம் வேணும். பேர் மாற்ற படிவம் 29, 30. புதுச்சேரி, கர்நாடகா நம்பர் மலிவாத் தெரியும். ஆனா இங்க நிரந்தரமா ஓட்டப்போறீங்கன்னா மறுபதிவு, தமிழ்நாட்டு ரோடு டாக்ஸ் எல்லாம் சேர்த்துத்தான் விலை. பேர் மாறின 14 நாளுக்குள்ள இன்சூரன்ஸையும் மாத்த விண்ணப்பிச்சிடணும்.

அடுத்த தடவை வீட்ல "எது நல்லது?"ன்னு கேட்டா, பதிலுக்கு நீங்க ரெண்டு கேள்வி கேளுங்க: வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர், அதுல சிட்டி எவ்வளவு? அந்த ரெண்டு எண்ணும் கைக்கு வந்துட்டா மிச்சம் வெறும் வகுத்தல்தான். எக்ஸல்ல போட்டு அப்பாவோட வாட்ஸ்அப்புக்கு அனுப்பிடுங்க. சித்தப்பா என்ன சொன்னாலும் எண் மாறாது.