தண்ணீர் தெரியாத ஈரநிலம்: ஒரு காட்டைச் சோதிக்கும் முறை

மரங்கள் அடர்ந்த ஓர் இடம் ஈரநிலமா என்பதை, அங்கே தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்து முடிவு செய்ய முடியாது. அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் தாழ்வான காடுகள் பலவற்றில் குளிர்காலக் கடைசியிலும் வசந்தத் தொடக்கத்திலும் தண்ணீர் தேங்கும். அப்போது மரங்களில் இலை இருக்காது. இலை இல்லாத மரம் நீரை அதிகம் உறிஞ்சுவதில்லை. குளிரில் ஆவியாவதும் குறைவு. அதனால் நிலத்தடி நீர் தரைமட்டம் வரை ஏறிவிடுகிறது. இலை விட்ட பிறகு மரங்கள் உறிஞ்ச உறிஞ்ச நீர்மட்டம் இறங்குகிறது. ஆகஸ்ட் மாதத்தில் அதே காடு, காய்ந்த சருகு பரவிய சாதாரண நிலமாகத் தெரியும். வீடு கட்ட இடம் தேடுபவர் பெரும்பாலும் பார்ப்பது இந்தக் கோடைத் தோற்றத்தைத்தான்.

விடை தவறினால் சட்டச் சிக்கல் உண்டு. 1972-ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டம், பிரிவு 404-இன்படி, சட்டத்துக்கு உட்பட்ட ஈரநிலத்தில் மண் கொட்டி நிரப்புவதற்கு ராணுவப் பொறியாளர் படையின் அனுமதி வேண்டும். கட்டுமானம், ராணுவப் பொறியியல் இரண்டையும் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு இது. வழக்கமான முறையில் காடு வளர்த்து மரம் வெட்டுவதற்கு விலக்கு உண்டு. ஈரமான காட்டை நீர் வடித்து மனையாகவோ வயலாகவோ மாற்றுவதற்கு அந்த விலக்கு பொருந்தாது.

மூன்று சான்றுகள்

நீர் எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு நாள் நின்றால், ஈர மண்ணில் வாழப் பழகிய தாவரங்கள் அந்த இடத்தில் மேலோங்குமோ, அந்த அளவு நனைகிற நிலமே ஈரநிலம். சட்ட விதிகள் தரும் வரையறையின் சாரம் இது. தாவரம், மண், நீர் ஆகிய மூன்றும் இதில் அடங்கியுள்ளன. பொறியாளர் படை 1987-இல் வெளியிட்ட கையேடு இவற்றை மூன்று தனித்தனிச் சோதனைகளாகப் பிரித்தது. இயல்பான சூழலில் மூன்றிலும் தேறினால்தான் ஓரிடம் ஈரநிலம். 1989-இல் வந்த மற்றொரு கையேடு மிகுதியான நிலத்தை ஈரநிலமாக்குகிறது என்ற எதிர்ப்பு எழவே, அதிகாரிகள் மீண்டும் 1987 கையேட்டுக்கே திரும்பினர். பாலைவனம் முதல் அலாஸ்கா வரை ஒரே அளவுகோல் பொருந்தாது என்பதால், பின்னர் அதற்கு வட்டாரவாரியான இணைப்பு நூல்கள் சேர்க்கப்பட்டன.

களத்துக்குப் போகுமுன்

முதல் வேலை வரைபடங்களோடு தொடங்குகிறது. நிலத்தின் மேடுபள்ளப் படம், வேளாண் துறையின் மண் படம், மீன் மற்றும் வனவிலங்குச் சேவையின் தேசிய ஈரநிலப் படம் ஆகியவற்றை ஆய்வாளர் அடுக்கிப் பார்க்கிறார். இவற்றில் ஈரநிலப் படத்தை முழுதாக நம்ப இயலாது. அது பெரும்பாலும் வான்படங்களைப் பார்த்து வரையப்பட்டது. திறந்த சதுப்பு மேலிருந்து பளிச்சென்று தெரியும். மரக்கூரைக்கு அடியில் இருக்கும் ஈரம் தெரியாது. படத்தில் குறிக்கப்படவில்லை என்பதால் மட்டும் ஒரு காடு ஈரநிலம் இல்லை என்று ஆகிவிடாது. இலையுதிர்ந்த காலத்தில் எடுத்த வான்படங்களும், லேசர் அலைகளால் தரையின் மேடுபள்ளத்தை அளக்கும் லைடார் படங்களும் இங்கே அதிகம் உதவுகின்றன.

கள ஆய்வுக்கு முந்தைய மூன்று மாத மழையளவையும், அந்த வட்டாரத்தின் வழக்கமான மழையையும் ஒப்பிட வேண்டும். வறட்சியில் போனால் ஈரநிலமும் காய்ந்திருக்கும். பெருமழைக்குப் பின் போனால் மேட்டு நிலத்திலும் தண்ணீர் நிற்கும்.

தாவரங்கள் சொல்வது

அமெரிக்கத் தாவரங்களுக்கு வட்டாரவாரியாக ஐந்து தரங்கள் தரப்பட்டுள்ளன. ஓர் இனம் ஈரநிலத்தில் எவ்வளவு அடிக்கடி காணப்படுகிறது என்பதே அளவுகோல். 99 சதவீதத்துக்கு மேல் ஈரநிலத்திலேயே வளர்பவை முதல் தரம். பால்ட் சைப்ரஸ், வாட்டர் டுபிலோ மரங்கள் இதில் சேரும். 67 முதல் 99 வரை இரண்டாம் தரம். கிரீன் ஆஷ், பின் ஓக் போன்றவை. 34 முதல் 66 வரை, எங்கும் வளரக்கூடிய நடுத்தரம். 1 முதல் 33 வரை நான்காம் தரம். அமெரிக்க பீச், ஒயிட் ஓக் இங்கே வரும். ஈரநிலத்தை ஏறக்குறைய முழுதாகத் தவிர்ப்பவை கடைசித் தரம்.

மரம், புதரும் இளமரமும், சிறுசெடி, கட்டைக்கொடி என்று காட்டை அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கிலும் எந்த இனம் எவ்வளவு பரப்பை மூடியிருக்கிறது என்று ஆய்வாளர் கணிக்கிறார். மரங்களுக்கு 30 அடி ஆரமுள்ள வட்டம், சிறுசெடிகளுக்கு 5 அடி. பரப்பளவின் இறங்குவரிசையில் இனங்களைக் கூட்டிக்கொண்டே வந்து, பாதியைத் தாண்டும் வரை உள்ளவையும், தனியாகவே 20 சதவீதம் அல்லது அதற்கு மேல் மூடுபவையும் முதன்மை இனங்கள். எல்லா அடுக்குகளின் முதன்மை இனங்களிலும் பாதிக்கு மேல் முதல் மூன்று தரங்களில் இருந்தால் தாவரச் சோதனை தேறிவிடும்.

காட்டில் இந்தச் சோதனை மட்டும் போதாமல் போவதற்குக் காரணம் அந்த நடுத்தரம்தான். ரெட் மேப்பிள், ஸ்வீட்கம், லாப்லாலி பைன் ஆகிய மூன்றும் சதுப்பிலும் வளரும், மேட்டிலும் வளரும். இவை மட்டுமே நிறைந்த காடு தாவரச் சோதனையில் எளிதாகத் தேறும். ஆனால் ஈரநிலம் என்பதற்கு அது வலுவான சான்று ஆகாது. மேலும் மரம் நெடுங்காலம் வாழ்வது. வாய்க்கால் வெட்டி நீரை வடித்துப் பல ஆண்டுகள் ஆனபின்னும் பழைய மரங்கள் நின்றுகொண்டிருக்கும். தரையோடு வளரும் சிறுசெடிகள் இன்றைய நிலையை விரைவாகக் காட்டுகின்றன.

மண்ணின் நிறம்

ஆய்வாளர் சுமார் 20 அங்குல ஆழத்துக்குக் குழி தோண்டி, மண்ணைக் கட்டியாக எடுத்து, மன்செல் வண்ணப் புத்தகத்தின் சில்லுகளோடு ஒப்பிடுகிறார். நிறத்துக்குப் பின்னால் இருப்பது வேதியியல். மண்ணில் நீர் நிறைந்தால் காற்று புகாது. நுண்ணுயிர்கள் இருக்கிற ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு நைட்ரேட்டையும் மாங்கனீசையும், அவற்றுக்குப் பின் இரும்பையும் பயன்படுத்துகின்றன. மண்ணுக்குச் செம்மையும் பழுப்பும் தருவது துருவேறிய இரும்பு. அது கரையும் வடிவத்துக்கு மாறி நீரோடு நகர்ந்ததும் மண் சாம்பல் நிறமாகிறது. வேர்த்துளை வழியே காற்று புகும் இடங்களில் மட்டும் இரும்பு மீண்டும் துருவேறி, ஆரஞ்சுப் புள்ளிகளாகப் படிகிறது. மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே சாம்பல் பின்னணியில் இத்தகைய துருப்புள்ளிகள் தெரிந்தால் நெடுநாள் நீர் நின்ற மண் என்று கொள்ளலாம். மண்ணில் இரும்பு கரைந்த நிலையில் இருக்கும்போது ஆல்ஃபா-ஆல்ஃபா டைபிரிடில் கரைசலைத் தெளித்தால் சிவக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால், இரும்பையும் தாண்டி சல்ஃபேட் வரை நுண்ணுயிர்கள் போய்விட்டன என்று பொருள்.

மண்ணின் பலம் நினைவாற்றல். வசந்தத்தில் நின்ற நீரை அது ஆகஸ்டிலும் காட்டும். பலவீனமும் அதுவே. நீர் வடிக்கப்பட்டு நெடுங்காலம் ஆன நிலத்திலும் பழைய சாம்பல் நிறம் மாறாமல் இருக்கலாம். ஆகவே நீர் இன்றும் வருகிறதா என்பது தனியாக நிறுவப்பட வேண்டும்.

நீரின் தடயம்

வளர்பருவத்தில் தொடர்ந்து 14 நாட்களாவது நிலம் மூழ்கியோ, நீர்மட்டம் 12 அங்குலத்துக்குள்ளோ இருக்க வேண்டும். பத்தில் ஐந்து ஆண்டுகளாவது இப்படி நிகழ வேண்டும். ஐயம் நீடிக்கும் இடங்களில் இதற்கான நேரடி அளவுகோல் இதுவே. ஆழமற்ற கண்காணிப்புக் குழாய் இறக்கி நாள்தோறும் அளந்தால்தான் இதைச் சொல்ல முடியும். அதற்கு நேரமும் பணமும் வேண்டும் என்பதால், பொதுவாகத் தடயங்களைத் தேடுவார்கள். முதன்மைத் தடயம் ஒன்று அல்லது துணைத் தடயங்கள் இரண்டு இருந்தால் போதும்.

காட்டுக்கே உரிய தடயங்கள் சில உண்டு. பள்ளத்தில் கிடக்கும் சருகு நீரில் ஊறிக் கறுத்திருக்கும். பக்கத்து மேட்டுச் சருகு பழுப்பாகவே இருக்கும். அடிமரத்தில் நீர்க்கறை ஒரே மட்டத்தில் ஓடும். வெள்ளம் எட்டும் உயரத்துக்குக் கீழே பாசி வளராமல் கோடு போட்டதுபோல் நின்றிருக்கும். உயிருள்ள வேரைச் சுற்றித் துரு உறை படிந்திருக்கும். பழைய வேரிலும் துரு இருக்கக்கூடும். உயிருள்ள வேரில் இருந்தால்தான் அது அண்மைக் கால நீருக்குச் சான்று.

எல்லைக்கோடு

ஒரு காடு முழுவதுமே ஈரநிலமாக இருப்பது அரிது. ஓர் அடி உயர வேறுபாடுகூட நிலத்தின் தன்மையை மாற்றிவிடும். எனவே ஈரமான பக்கம் ஒரு குழி, உலர்ந்த பக்கம் ஒரு குழி என்று இணையாகத் தோண்டி, மூன்று சான்றுகளில் ஏதேனும் ஒன்று அறுபடும் இடத்தைத் தேடுகிறார்கள். அங்கே வண்ண நாடா கட்டி, ஜி.பி.எஸ். கருவியால் பதிந்து, புள்ளிகளை இணைத்தால் எல்லை கிடைக்கிறது. மரங்கள் வெட்டப்பட்டோ, மண் கொட்டப்பட்டோ இருந்தால் அழிந்த சான்றைப் பழைய வான்படங்களிலிருந்தும் பக்கத்து நிலத்திலிருந்தும் மீட்டெடுக்க வேண்டும். சான்றை அழித்தவருக்கு அதன் பலன் போய்விடக் கூடாது.

அறிவியல் விடையும் சட்ட விடையும்

மூன்று சோதனைகளிலும் தேறிய நிலம் அறிவியல்படி ஈரநிலம். தூய நீர்ச் சட்டம் அதைக் காக்குமா என்பது வேறு கேள்வி. ஐடஹோ மாநிலத்தின் ப்ரீஸ்ட் ஏரிக்கு அருகே ஒரு வீட்டுமனையை ஒட்டி எழுந்த சாக்கெட் வழக்கில், 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் இச்சட்டத்தின் வரம்பைச் சுருக்கியது. நிலையான ஆறு, ஏரி போன்ற நீர்நிலையோடு தரைமேல் இடைவிடாமல் இணைந்திருக்கும் ஈரநிலமே மத்திய அரசின் அதிகாரத்துக்குள் வரும் என்றது தீர்ப்பு. ஆண்டில் சில மாதம் மட்டும் நனைந்து, நாலாபுறமும் மேட்டால் சூழப்பட்ட காட்டுப் பள்ளங்கள் பல இதனால் வெளியே போய்விட்டன. நியூ ஜெர்சி போலத் தனிச் சட்டம் உள்ள மாநிலங்களில் அவற்றுக்குப் பாதுகாப்பு தொடர்கிறது. இல்லாத மாநிலங்களில் இல்லை. எனவே கள அறிக்கை கையில் கிடைத்ததும் நிலத்தின் உரிமையாளர் மத்திய, மாநிலச் சட்டங்கள் இரண்டையும் பார்த்தாக வேண்டும். பொறியாளர் படை முறைப்படி தரும் அதிகார எல்லைத் தீர்மானம் பொதுவாக ஐந்து ஆண்டுகள் செல்லும்.