தட்டுக்குள் ஒரு தீவு!

ஜமைக்கா என்றதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறார்கள் குட்டீஸ்? மின்னல் வேகத்தில் ஓடிய உசேன் போல்ட்... சிக்சராக விளாசிய கிறிஸ் கெய்ல்... ரெகே பாடல்களால் உலகையே ஆட வைத்த பாப் மார்லி... சரிதானே? அந்த ஊர்க்காரர்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று எப்போதாவது யோசித்தது உண்டா?

அதைத் தெரிந்துகொள்ள ஜமைக்காவுக்கே போக வேண்டியதில்லை. கனடாவின் டொரன்டோ நகரில், எக்ளின்டன் அவென்யூ வெஸ்ட் என்ற சாலையின் ஒரு பகுதிக்கே 'லிட்டில் ஜமைக்கா' என்றுதான் பெயர். முடிதிருத்தும் கடைகள், பாட்டுக் கடைகள், பேக்கரிகள், அவற்றுக்கு நடுவே நாலைந்து மேஜைகள் மட்டும் போட்ட சின்னச் சின்ன சாப்பாட்டுக் கடைகள். வாருங்கள், அப்படி ஒரு கடைக்குள் நுழையலாம்!

'குட் ஈவினிங்' சொல்லணும்!

கதவைத் திறந்ததும், 'எனக்கு ஒரு பிளேட்...' என்று ஆரம்பித்து விடாதீர்கள். முதலில், 'குட் ஈவினிங்' சொல்ல வேண்டும். கல்லாவில் இருப்பவருக்கு மட்டுமல்ல, கடையில் இருக்கும் எல்லாருக்கும் பொதுவாக! வணக்கம் சொல்லாமல் நுழைவது ஜமைக்காக்காரர்களிடம் பெரிய மரியாதைக் குறைவு.

எதிரே கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஆவி பறக்கும் தட்டுகள். கோழி, ஆட்டுக்கறி, மாட்டுவால் குழம்பு, பொரித்த வாழைப்பழம், கீரை... விரலால் காட்டினால் போதும். கரண்டியால் அள்ளிப் போடுவர். 'சோற்றுக்கு எந்தக் குழம்பை ஊற்றட்டும்?' என்றும் கேட்பர். மாட்டுவால் குழம்பு சீக்கிரம் தீர்ந்துவிடும். அப்புறம் கெஞ்சினாலும் கிடையாது!

முதலில் சோற்றைப் பாருங்கள். இளஞ்சிவப்பு நிறம். இதற்கு, 'ரைஸ் அண்டு பீஸ்' என்று பெயர். 'பீஸ்' என்றால் பட்டாணி ஆயிற்றே என்று தேடினால் ஏமாந்து போவீர்கள். உள்ளே இருப்பது சிவப்பு ராஜ்மா! தேங்காய்ப் பாலில் ராஜ்மாவும் அரிசியும் சேர்த்து, அதோடு ஒரு முழு மிளகாயைக் கீறாமல் மிதக்கவிட்டு வேக வைப்பர். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஜமைக்கா வீடுகளில் இது கட்டாயம். கிறிஸ்துமஸ் நேரத்தில் மட்டும் ராஜ்மாவுக்குப் பதில், 'கங்கோ பீஸ்' போடுவர். அது என்ன தெரியுமா? நம் வீட்டுச் சாம்பாரில் வேகிற அதே துவரை!

பக்கத்தில் இருக்கும் கீரைக்குப் பெயர், 'கலலு'. நம் ஊர் முளைக்கீரை, குப்பைக்கீரையின் சொந்தக்காரன். இறைச்சி சாப்பிடாதவர்கள் கவலைப்பட வேண்டாம். ராஸ்தஃபாரி என்ற பிரிவினர் ஜமைக்காவில் உண்டு. பாப் மார்லி கூட அவர்களில் ஒருவர்தான். அவர்களில் பலர் இறைச்சியைத் தொடுவதில்லை. காய்கறி, பயறு, தேங்காய்ப் பால் சேர்த்து அவர்கள் சமைப்பதை, 'ஐடல்' என்பர்.

கொட்டாவி விடும் பழம்

அடுத்த தட்டில் மஞ்சளாக, முட்டைப் பொரியல் மாதிரி இருப்பது முட்டை இல்லை; 'அக்கி' என்ற பழம்! ஜமைக்காவின் தேசியப் பழம் இது. நம் பூந்திக்கொட்டையும், லிச்சிப் பழமும் இதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

ஆனால், இந்தப் பழத்திடம் விளையாடக் கூடாது. காயாக இருக்கும்போது அதில், 'ஹைப்போகிளைசின்' என்ற நஞ்சு இருக்கும். அதைச் சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கி, வாந்தி எடுத்து, உயிரே போகலாம். பழம் மரத்திலேயே பழுத்துச் சிவந்து, தானாக வாய் பிளக்க வேண்டும். 'அக்கி கொட்டாவி விடுகிறது' என்று அந்த ஊரில் சொல்வர். அதன் பிறகுதான் பறிக்கலாம். அப்போதும், கறுப்புக் கொட்டையையும், உள்ளே இருக்கும் சிவப்பு நாரையும் எடுத்து எறிந்துவிட வேண்டும். இந்தப் பயத்தால், 1973ல் அமெரிக்கா அக்கி இறக்குமதிக்குத் தடை போட்டது. 2000ல்தான், பாதுகாப்பை நிரூபித்த தொழிற்சாலைகளிலிருந்து மட்டும் டின்களில் வரலாம் என்று அனுமதித்தது. லிட்டில் ஜமைக்கா கடைகளுக்கும் அக்கி டின்னில்தான் வருகிறது.

அக்கி மரம் ஜமைக்காவில் பிறந்தது அல்ல. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. எப்படி? அடிமைகளை ஏற்றி வந்த கப்பல்களில்! 1655ல் ஜமைக்காவைப் பிடித்த ஆங்கிலேயர்கள், கரும்புத் தோட்டங்களில் வேலை வாங்குவதற்காக, லட்சக்கணக்கான ஆப்பிரிக்கர்களைச் சங்கிலியில் கட்டிக் கொண்டு வந்தனர். உங்கள் வயதுப் பிள்ளைகளும் அதில் இருந்தனர். தோட்ட முதலாளிகள் அவர்களுக்குப் போட்ட சாப்பாடு என்ன? மலிவான உப்பு மீன்!

அந்த மீன் எங்கிருந்து போனது என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா, நியூஃபவுண்ட்லாந்து கடற்கரைகளிலிருந்து! 'காட்' என்ற மீனை உப்பிட்டுக் காய வைத்து, நல்லதை ஐரோப்பாவுக்கு விற்றனர். மட்டமானதை ஜமைக்காவுக்கு அனுப்பினர். பதிலுக்குச் சர்க்கரையும், வெல்லப்பாகும் வந்தன. ஆப்பிரிக்க அக்கியையும், கனடாவின் உப்பு மீனையும் வெங்காயம், மிளகாயோடு வதக்கி, தங்களுக்கென்று ஒரு சாப்பாட்டை உருவாக்கிக்கொண்டனர் அந்த மக்கள். அதுதான் இன்று ஜமைக்காவின் தேசிய உணவு.

எல்லாரும் அடங்கிக் கிடக்கவில்லை. சிலர் தோட்டங்களிலிருந்து தப்பி மலைக்காடுகளுக்கு ஓடினர். அவர்களுக்கு, 'மரூன்கள்' என்று பெயர். தேடி வந்த ஆங்கிலேயப் படைகளோடு ஆண்டுக்கணக்கில் மோதினர். கடைசியில், 1739ல் ஆங்கிலேயர்களே இறங்கி வந்து உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டியதாயிற்று. மரூன்களின் தலைவியான நானியின் உருவத்தை ஜமைக்காவின் 500 டாலர் நோட்டில் இன்றும் பார்க்கலாம். காட்டுப் பன்றியை மசாலா தடவி, மெல்லிய நெருப்பில் மணிக்கணக்கில் வாட்டும், 'ஜெர்க்' சமையல் இவர்களிடமிருந்து வந்ததுதான். புகை கிளம்பினால் எதிரி கண்டுபிடித்து விடுவான் என்று, குழி தோண்டி மூடிச் சுட்டார்களாம்!

இப்போது யாரும் ஒளிய வேண்டியதில்லை. எண்ணெய் டிரம்மை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, அதில் கரி போட்டுக் கோழியைச் சுடுகின்றனர். லிட்டில் ஜமைக்காவில் கடை வாசலில் கிளம்பும் அந்தப் புகைதான் விளம்பரப் பலகை! ஜெர்க் மசாலாவின் உயிர், ஆல்ஸ்பைஸ். ஒரே ஒரு மிளகு போன்ற காய். ஆனால் கிராம்பு, பட்டை, ஜாதிக்காய் மூன்றின் வாசனையும் அதில் அடிக்கும். கூடவே, 'ஸ்காட்ச் பானெட்' மிளகாய். பார்க்க ஸ்காட்லாந்துக்காரர்களின் தொப்பி மாதிரி அழகாகத்தான் இருக்கும். கடித்தால் காதில் புகை வரும்!

அட... நம்ம கறி!

'கறி கோட்' என்று ஒரு தட்டு இருக்கிறதே, அதன் மணம் பழகியதாகத் தெரிகிறதா? அது மஞ்சள், மல்லி, சீரகம் போட்ட ஆட்டுக்கறிதான். 'கறி' என்ற அந்தச் சொல்லே நம் தமிழிலிருந்துதான் ஆங்கிலத்துக்குப் போனது.

1838ல் ஜமைக்காவில் அடிமைகள் முழு விடுதலை பெற்றனர். கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. உடனே ஆங்கிலேயர்கள் இந்தியாவின் பக்கம் திரும்பினர். 1845, மே 10ல் இந்தியக் கூலித் தொழிலாளர்களோடு முதல் கப்பல் ஜமைக்கா போய்ச் சேர்ந்தது. 1917 வரை ஏறத்தாழ 36 ஆயிரம் பேர் அப்படிப் போயினர். உத்தரப் பிரதேசம், பீகார் பக்கத்து மக்களே அதிகம். சென்னையில் கப்பல் ஏறியவர்களும் உண்டு. கூலி குறைவு, வேலை கடுமை. பலரால் ஊர் திரும்பவே முடியவில்லை. அவர்கள் கொண்டுபோன மசாலா மட்டும், ஆல்ஸ்பைசோடு கைகோத்துக்கொண்டு தீவு முழுக்கப் பரவி விட்டது. அங்கே கல்யாணம், திருவிழா என்றால் கறி கோட் இல்லாமல் நடக்காது. ஒவ்வோர் ஆண்டும் மே 10ஐ இந்தியப் பாரம்பரிய நாளாகவும் ஜமைக்கா கொண்டாடுகிறது.

சரி, ஜமைக்காக்காரர்கள் டொரன்டோவுக்கு எப்படி வந்தனர்? 1955ல் வீட்டு வேலைக்காக, ஜமைக்கா, பார்படாஸ் தீவுகளிலிருந்து 100 பெண்களைக் கனடா அழைத்தது. ஊரில் ஆசிரியை, குமாஸ்தா வேலை பார்த்தவர்களும் அதில் இருந்தனர். இங்கே வந்து பிறர் வீட்டில் பாத்திரம் தேய்த்தனர். நிறம் பார்த்து ஆள் சேர்க்கும் வழக்கம் போய், 1967ல் படிப்புக்கும் திறமைக்கும் மதிப்பெண் போடும் முறை வந்த பின், ஆயிரக்கணக்கானோர் வந்து குடியேறினர். ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏங்கியவர்களுக்காக முளைத்தவைதான் இந்தக் கடைகள்.

ஒரு சோகமும் உண்டு. 2011ல் எக்ளின்டன் சாலையில் ரயில் பாதை வேலை தொடங்கியது. 10 ஆண்டுகளைத் தாண்டியும் இழுத்தது. தோண்டிய பள்ளமும், தடுப்பு வேலியுமாக இருந்தால் யார் சாப்பிட வருவர்? பல கடைகள் மூடிவிட்டன. தாக்குப்பிடித்த கடைகளில் ஒன்றில்தான் இப்போது நாம் உட்கார்ந்திருக்கிறோம்!

பாட்டிக்கு வந்த சண்டை

வெளியே போகுமுன் ஒரு, 'பாட்டி' வாங்கிக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள்... இது கதை சொல்லும் பாட்டி அல்ல; கடித்துத் தின்னும் பாட்டி! நம் ஊர் பேக்கரி பஃப்ஸ் மாதிரி, அரை வட்ட வடிவில், மஞ்சள் நிறத்தில் இருக்கும். உள்ளே காரமான கொத்துக்கறி அல்லது காய்கறி.

1985 பிப்ரவரியில் கனடா அரசின் உணவு ஆய்வாளர்கள் டொரன்டோ கடைகளுக்கு வந்து, 'இதை இனிமேல், 'பீஃப் பாட்டி' என்று சொல்லி விற்கக் கூடாது' என்றனர். சட்டப்படி பீஃப் பாட்டி என்றால் பர்கருக்குள் வைக்கும் வட்டமான இறைச்சித் துண்டாம். மேலே மாவு மூடியிருக்கக் கூடாதாம்! மீறினால் அபராதம்.

கடைக்காரர்கள் மறுத்து விட்டனர். 'எங்கள் அம்மாவும் ஆயாவும் சொன்ன பெயர் இது. மாற்ற மாட்டோம்!' என்று நின்றனர். செய்தித்தாள், டிவி எல்லாம் இதே பேச்சு. கடைசியில் அதிகாரிகளும், கடைக்காரர்களும் உட்கார்ந்து பேசினர். 'ஜமைக்கன் பாட்டி' என்று எழுதிக்கொள்ளலாம் என முடிவானது. 'பாட்டி' தப்பியது! அதன் நினைவாகப் பிப்ரவரி 23ஐ, 'பாட்டி தினம்' என்று டொரன்டோவில் கொண்டாடுகின்றனர்.

டொரன்டோவில் உங்கள் மாமாவோ, சித்தியோ இருக்கிறார்களா? அந்த நகரில் நம் தமிழர்கள் நிறைய பேர் வாழும் ஸ்கார்பரோவில், வார்டன் சுரங்க ரயில் நிலையத்திலேயே பாட்டி விற்கின்றனர். காரமா, காரமில்லாததா என்று கேட்பர். 'கோகோ பிரெட்' என்ற இனிப்பு ரொட்டியைப் பிளந்து, நடுவில் பாட்டியை வைத்துச் சாப்பிட வேண்டும். முதல் கடி மட்டும் மெதுவாக... உள்ளே ஆவி காத்திருக்கும், நாக்கு பத்திரம்!