குடகனாறு அணையும் நம்ம ஊர்க் குளத்துக் கரையும்

வேடசந்தூர் பக்கம் அழகாபுரியில் இருந்த குடகனாறு அணை 1977-ல் உடைந்தது. வெள்ளம் ஏறுகிற நேரத்தில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் வைத்தும், கையால் சுற்றியும் ஐந்து ஷட்டர்களை முழுசாகத் தூக்க முடியவில்லை. தண்ணீர் மண்கரை மேல் வழிந்து, பின்சரிவை அரித்து, பல இடங்களில் உடைத்தது.

பார்வைக்கு அது சின்ன அணை. ஆற்றுப்படுகைக்கு மேல் 11.45 மீட்டர்; அடித்தளத்திலிருந்து 15.75 மீட்டர். 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் அடித்தளத்திலிருந்துதான் அளக்கிறது. 15 மீட்டருக்கு மேல் என்றால் சட்டத்துக்குள் வரும். 10 முதல் 15 வரை என்றால் 500 மீட்டர் நீளம், 10 லட்சம் கன மீட்டர் கொள்ளளவு போன்ற நிபந்தனைகளில் ஒன்று பொருந்த வேண்டும். உள்ளே வந்த அணைக்கு அவசரகாலச் செயல்திட்டம் கட்டாயம்.

நம்ம குளங்களும் தடுப்பணைகளும் பெரும்பாலும் இதற்கு வெளியேதான். அதனால் ஐப்பசி மழைக்கு முன்னாடி நாமே கரையில் நடந்து பார்க்கணும். மறுகால் அடைபட்டிருக்கிறதா, எலி வளை இருக்கிறதா, கருவேலம் வேர் விட்டிருக்கிறதா என்று பாருங்க. கசிவு கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது; உடனே நீர்வளத் துறைக்கோ ஊராட்சிக்கோ எழுதிக் கொடுங்க. பின்சரிவில் மரம் வேண்டாம். அருகும் வெட்டிவேரும் போதும்.